பதினேழாவது உருக்கு

தகடு விரல் நீளம், சோளத்தட்டையின் சிம்பு போல மெலிசு. இடது கையின் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே அதைப் பட்டும் படாமலும் பிடித்துக்கொண்டு, ஸ்பிரிட்டில் நனைத்த மல் துணியை மயிலாத்தாள் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒரே இழுப்பாக இழுத்தாள். திருப்பினாள். மறுபடி இழுத்தாள். ஸ்பிரிட் சில்லென்று காய்ந்தது. அந்த வாசம் மூக்குக்குள் ஏறி ஊசி போடுகிற இடத்தை நினைவுக்கு இழுத்துவரப் பார்த்தது, அவள் வேண்டாமென்று தலையைத் திருப்பிக்கொண்டாள். இது மூன்றாவது. இன்னும் மூன்று. மொத்தம் ஆறு. ஆறுமே வெட்டிப்போட்ட நகம் மாதிரி லேசாக வளைந்திருந்தன. உலையிலிருந்து வரும்போது சில சமயம் அப்படித்தான் வரும். நாலு மணி நேரம் அந்தச் சூட்டில் கிடந்து, ராத்திரியெல்லாம் மெல்ல ஆறி, தூக்கத்தில் ஒருக்களித்துப் படுத்த பிள்ளை போல ஒரு பக்கமாய்ச் சாய்ந்து வரும். பார்த்தால் நிமிர்த்தத் தோன்றும். உறைக்குள்ளிருந்த அவளுடைய வலது பெருவிரல், அவள் சொல்லாமலே, அந்த வளைவின் முதுகில் போய் உட்கார்ந்தது. மேஜை விளிம்பில் வைத்து ஒரு அழுத்து. அவ்வளவுதான். சத்தம்கூட வராது. யாருக்கும் தெரியாது. இந்த ஆறும் அந்தப் பதினெட்டைப் போல நேராகிவிடும், அந்தப் பதினெட்டைப் போலவே கெட்டும் போய்விடும், பிறகு இந்த உலகத்தில் எதை வைத்தும் யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. அவள் விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு இருபது. மூன்று மணிக்கு முதலாளி வருகிறார்.

கெடுக்க வேண்டுமென்றா செய்தாள். செவ்வாய்க்கிழமை இதே ஸ்டூல், இதே மேஜை, இதே துணி. பதினேழாவது உருக்கு என்று பச்சை மையில் எழுதிய தட்டில் இருபத்து நாலு தகடு வந்திருந்தன. அதற்கு முந்தின உருக்கில், பதினாறில், வளைந்தவற்றை அப்படியே துடைத்து உள்ளே கொடுத்தபோது, சோதிக்கிற மேஜையில் இருக்கும் ஜெசிந்தா அக்கா எல்லாரும் கேட்கிற மாதிரி, "ஏம்புள்ள மயிலு, தீவாளி முடிஞ்சு மூணு மாசம் ஆச்சு, இப்ப என்னத்துக்கு முறுக்குச் சுட்டுக் கொண்டாறே? இது எப்படிக் காயிலுக்குள்ள உக்காரும்?" என்று சொல்லிவிட்டாள். வேடிக்கைக்குத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அவளே சிரித்து, வாய் அகலமான வேறொரு காயில் கம்பிச்சுருளை மாட்டி எப்படியோ சோதித்தும் முடித்தாள். ஆனால் மயிலாத்தாளுக்குக் காது மடல் இரண்டும் கொதித்தது, அன்றைக்கு முழுக்க அந்த முறுக்கு தொண்டையிலேயே நின்றது. நிமிர்த்தலாமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பதற்கு உள்ளே போக வேண்டும், நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், ஏழாவது வரைக்கும் படித்தவள் என்ன கேட்கிறாள் பார் என்று யாரும் நினைக்காவிட்டாலும் அவளுக்கு அப்படித்தான் இருக்கும். கேட்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று, வியர்வை படக்கூடாது, எண்ணெய் படக்கூடாது, உறை போடாமல் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதில் ஒன்றைக்கூட அவள் மீறவில்லை. உறை போட்ட கையால், மேஜை விளிம்பில் வெள்ளைத்தாள் விரித்து, பூத்தொடுக்கிற பதனத்தோடு ஒவ்வொன்றாக நிமிர்த்தினாள். பதினெட்டு ஆனபோது மார்பில் பால் கட்டிக்கொண்டு வலி தாங்கவில்லை, மீதி ஆறையும் தாளில் மடித்து இழுப்பறைக்குள் வைத்துவிட்டுக் கழிவறைக்கு ஓடினாள். திரும்பி வந்தால் ஜெசிந்தா அக்கா பதினெட்டையும் எடுத்துக்கொண்டு போயிருந்தாள். போகிறபோது, "பாரு, இப்பத்தான் பொண்ணு மாதிரி லட்சணமா இருக்குது" என்று சொன்னாளாம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மயிலாத்தாள் அன்று சாயங்காலம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காமல்கூடச் சந்தோஷமாக நின்றுகொண்டு போனாள். இப்போது நினைத்தால் அந்தச் சந்தோஷத்தின் மேல்தான் முதலில் கூச்சம் வருகிறது.

பதினெட்டும் ஒட்டிக்கொண்டன. இந்த உலோகம் எதற்கு என்று சாருமதி மேடம் ஒருமுறை சொல்லியிருந்தாள். உலோகம் படித்துப் பட்டம் வாங்கியவள், ஆனால் யாருக்கும் புரிகிற மாதிரி பேசுவாள். மோட்டார் பெட்டிக்குள் ஒரு சுவிட்சு இருக்கிறது. காயிலில் கரண்ட் வந்தால் இந்தத் தகடு காந்தமாகிப் பிடிக்க வேண்டும், கரண்ட் நின்றால் அந்தக் கணமே காந்தம் போய் விட்டுவிட வேண்டும். பிடிப்பதை எந்த இரும்பும் செய்யும், விடுவதுதான் கஷ்டம் என்றாள் மேடம். கொஞ்சம் காந்தம் மிச்சம் நின்றாலும் சுவிட்சு ஒட்டிக்கொள்ளும், ஆள் அணைத்துவிட்டேன் என்று நினைத்துக் கையை உள்ளே விடுவான். அப்படி ஒரு மில்லில் ஒருத்தன் கை போனதை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாளாம். அதற்காகத்தான் இரும்பும் நிக்கலும், வேறு ஏதேதோ சிட்டிகை அளவும், கூட்டியும் குறைத்தும், பதினோரு மாதமாகப் பதினேழு முறை உருக்கினார்கள். வெளியூரிலிருந்து வரவழைக்கிற தகட்டுக்குப் பதிலாக நம்முடையதே நிற்க வேண்டும் என்று. பதினாறாவது கிட்டத்தட்ட வந்துவிட்டது, இன்னும் ஒரு மயிரிழை என்றாள் மேடம். பதினேழாவதை உலையில் ஏற்றிய திங்கட்கிழமை வாசலில் கற்பூரம்கூடக் கொளுத்தினார்கள். பிறகு புதனும் வியாழனும் ஜெசிந்தா அக்காவின் மேஜையிலிருந்து டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. பிடிக்கும்போது ஒரு டிக். விடும்போது இன்னொரு டிக் வர வேண்டும். வரவில்லை. மயிலாத்தாள் தன் ஸ்டூலில் உட்கார்ந்து அந்த இரண்டாவது டிக்குக்காகக் காத்திருந்தாள், பதினெட்டு முறையும், அதில் தனக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று தெரியாமலே.

தெரிந்தது இன்று காலையில். மேடமும் உலை பார்க்கிற நஞ்சப்பண்ணனும் அவள் மேஜைக்கு இரண்டு எட்டு தள்ளி நின்று பேசினார்கள். "அண்ணா, மறைக்காமச் சொல்லுங்க. உலை அந்தச் சூட்டுல நாலு மணி நேரம் நின்னுச்சா?" "நின்னுதுங்க மேடம். சூடு காட்டற முள்ளு அசையலீங்க." "அப்புறம் எப்படி? இந்தத் தகடுகளைப் பார்த்தா உலைக்கே போகாத மாதிரி இருக்கு. இல்லே, உலையிலிருந்து வந்த பிறகு வளைச்சு நெளிச்ச மாதிரி இருக்கு. சூட்டுல உள்ளே எல்லாம் தளர்ந்து படுத்திருக்கும், அதுக்கப்புறம் விரலால ஒரு அழுத்து அழுத்தினாக்கூட போதும், உள்ளே இறுகிடும், காந்தத்தை விடாது. ஆனா அது கூடாதுன்னு பாடமாவே சொல்லிக் குடுத்திருக்கேனே, யாரு பண்ணப்போறா? எல்லாரும் தெரிஞ்சவங்கதானே. அப்ப உலைதான்." மேடம் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால்கூடச் சமாளித்திருக்கலாம். எல்லாரும் தெரிஞ்சவங்கதானே. அந்த எல்லாரில் அவள் இல்லை, அவள் வந்தே நாலு மாதம்தான், அந்தப் பாடம் சொன்ன நாளில் அவள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள், அதை மேடம் மறந்துவிட்டாள். அப்போதே எழுந்து, நானுங்க மேடம் என்றிருக்கலாம். இரண்டு எட்டுதான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஒட்டிக்கொண்டது என்ற சொல்லே நெஞ்சுக்குள் திரும்பத் திரும்ப அடித்தது. மேடம் நடந்து போனாள். கண்ணாடி அறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் அந்த இரண்டு எட்டு இருபதாகி, இருநூறாகி, சாப்பாட்டு மணி அடிக்கும்போது அவினாசி ரோட்டைக் குறுக்கே கடக்கிற தூரமாகிவிட்டது.

நஞ்சப்பண்ணனாவது சண்டை போட்டிருக்கலாம். உலை சரியாத்தான் நின்னுது, யாருகிட்ட வேணா சத்தியம் பண்றேன் என்று ஒற்றைக் காலில் நின்றிருந்தால் அவளுக்கு இத்தனை பாரம் இருந்திருக்காது. சாப்பாட்டுத் தூக்கைக் கழுவக் குழாயடிக்குப் போனபோது அவர் அங்கே நின்றுகொண்டு, கழுவிய டிபன் டப்பாவையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். புருவம் பாதி உலைச்சூட்டில் கருகிப் போனது, அதற்கு மேல் வளரவேயில்லை. "சாப்டியா அம்மிணி?" "சாப்டனுங்கண்ணா." அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "இல்லே, நான் யோசிச்சுப் பாக்கறேன். அன்னிக்கு மத்தியானம் சோத்தைத் தின்னுபோட்டுச் செவுத்துல சாஞ்சேன். சாஞ்சது நெசம். கண்ணு அசந்துட்டனோ என்னமோ. முள்ளு எறங்கித் திரும்ப ஏறியிருந்தா எனக்கு எப்படித் தெரியும்? முப்பது வருசத்துல ஒருநாளும் அசந்தவனில்லே. வயசாகுதல்ல" என்றார். "இல்லீங்கண்ணா" என்று அவள் சொன்னாள். அவ்வளவுதான் வந்தது. அவர் அதை ஆறுதல் என்று எடுத்துக்கொண்டு, ஈரக்கையால் காற்றில் அவள் தலையைத் தொடுவது மாதிரி ஒரு சைகை காட்டிவிட்டுப் போனார். உலையில் தப்பு என்றால் உலைக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிடுவது முதலாளியின் வழக்கம், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் வேலை போவதைவிட அந்த அசந்துட்டனோ என்னமோதான் அவளை அறுத்தது. ஒரு மனுசனைப் பிடித்து உட்காரவைத்து, நீ தூங்கினாய் தூங்கினாய் என்று யாரும் சொல்லவில்லை. அவராகவே தேடித்தேடி, இல்லாத தூக்கம் ஒன்றை எடுத்துக் கண்ணுக்குள் வைத்துக்கொண்டார். இனி அவர் எந்த உலைக்குப் போனாலும், வீட்டில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தாலும், அந்தத் தூக்கம் அவரோடேயே இருக்கும். அது அவள் போட்ட தூக்கம். இந்தப் பெருவிரல் போட்டது.

ஸ்பிரிட் வாசம் மறுபடி வந்தது. இந்த முறை அதை நிறுத்த முடியவில்லை. ஆஸ்பத்திரி வார்டு, பச்சைப் பெயின்ட் அடித்த சுவர், பாப்பாவுக்கு அப்போது இரண்டு மாதம். மூச்சு இழுக்கும்போது விலாவெல்லாம் உள்ளே போய்ப் போய் வந்தது. டாக்டரம்மா கேட்டார், "மூக்குல வாயில ஏதாவது ஊத்தினியா?" குளிப்பாட்டின பிறகு மூக்கில் விளக்கெண்ணெய் இரண்டு சொட்டு விடுவது எல்லா வீட்டிலும் செய்கிறதுதான், அவளும் விட்டாள், அன்றைக்குக் கை தவறி நாலு சொட்டு விழுந்தது. சுற்றிலும் கட்டில்கள், கட்டிலைச் சுற்றிலும் ஆட்கள், எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், "இல்லீங்க" என்றாள். பொய் சொல்ல நினைத்துச் சொன்னதில்லை. எல்லாரும் பார்க்கிறபோது வாயிலிருந்து சீக்கிரம் வெளியே வருகிற சொல் அதுதான். இரண்டு நாள் அந்தக் குழந்தையின் கையிலும் காலிலும் ஊசி குத்தி ரத்தம் எடுத்து, வேறு என்னென்னவோ காரணம் தேடினார்கள். மூன்றாம் நாள் விடியலில், ஃபிளாஸ்கில் வெந்நீர் பிடிக்க வந்த நர்ஸம்மாவிடம், முகத்தைப் பார்க்காமல், குழாயைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நர்ஸம்மா திட்டவில்லை. "இதைச் சொல்றதுக்கா கண்ணு மூணு நாள்?" என்று மட்டும் கேட்டுவிட்டு டாக்டரைத் தேடி ஓடினாள். பிழைத்துக்கொண்டது. இப்போது பத்து மாதம், பக்கத்து வீட்டுச் சரசக்கா இடுப்பில் உட்கார்ந்துகொண்டு பிளாஸ்டிக் டம்ளரைக் கடித்துக்கொண்டிருக்கும். ஆனால் அந்தக் குட்டிக் குதிகாலில் இன்னும் புள்ளி புள்ளியாகத் தழும்பு. குளிப்பாட்டும்போதெல்லாம் அவள் அதை எண்ணாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறாள். சொல்லாமல் வைத்த சொல் எங்கேயும் போவதில்லை, யாரோ ஒருத்தர் உடம்பில்தான் போய்க் குத்துகிறது. இதை அவளாக நினைத்தாளா, யாராவது சொன்னார்களா என்று தெரியவில்லை. நாலாவது தகட்டைத் துடைத்து முடித்திருந்தாள், எப்போது எடுத்தாளென்றே நினைவில்லை.

"மயிலு, ஆச்சா?" ஜெசிந்தா அக்கா தலையை மட்டும் கதவுக்கு வெளியே நீட்டினாள். "ஆகுதுங்கக்கா." "அந்த ஆறையும் ஒரு சாத்திரத்துக்குப் பாத்துட்டு மூட்டை கட்டிரலாம்னாங்க மேடம். மூஞ்சியே சரியில்ல அவங்களுக்கு. காலையில இருந்து ஒரு வாய் காப்பி குடிக்கல. இதோட இந்த உருக்கற வேலையே வேண்டாம்னு முதலாளி போன்லயே சொல்லிட்டாராம், வந்து உத்தரவு போடறதுதான் பாக்கி." கொஞ்சம் நின்று, குரலைத் தாழ்த்தி, "பாவம் நஞ்சப்பண்ணன். எங்க வீட்டுக்காரரு ஜேம்ஸ் குறட்டைக்கு நான் முப்பது வருசமா தூங்காம இருக்கறேன், என்னை உலைக்குப் போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள். அவள் எதையும் சிரிப்பாக்காமல் விடமாட்டாள், ஆனால் சொல்லிவிட்டு இந்த முறை அவளே சிரிக்கவில்லை. "அதுகளும் நேராத்தானே இருக்குது? சின்னக் காயிலைத்தான் மாட்டி வெச்சிருக்கேன்." மயிலாத்தாள் தலையை அசைத்தாள். ஆமாம் என்றா இல்லை என்றா என்று அவளுக்கே தெரியாத ஒரு அசைப்பு. ஜெசிந்தா அக்கா அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவளுடைய எல்லாத் தலையசைப்பையும் எல்லாரும் ஆமாம் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் நேராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜெசிந்தா அக்கா கேட்பாள், அது எப்படிப்புள்ள பதினெட்டு நேரா வந்துச்சு, இது மட்டும் வளைஞ்சு வந்துச்சு? ஒரே உலை, ஒரே தட்டுதானே? மேடம் நிமிர்ந்து பார்ப்பாள். மேடத்துக்குச் சொல்லவே வேண்டியதில்லை, பார்த்த உடனே புரிந்துவிடும். ஐந்தாவது தகட்டை எடுத்தாள். மேஜை விளிம்பு தேய்ந்து வழுவழுவென்று, இதற்கென்றே செய்து வைத்த மாதிரி இருந்தது. பெருவிரல் வளைவின் மேல் ஏறியது. வீட்டுக்காரர் மில் வேன் ஓட்டுகிறார், ஒரு மாதம் வேன் ஓடும், ஒரு மாதம் நிற்கும், இந்த வேலை போனால் சரசக்காவிடம் பிள்ளையை விட வேண்டியதில்லை, வீட்டிலேயே இருக்கலாம், அதுவும் ஒரு நிம்மதிதானே என்று நினைக்கும்போதே அது நிம்மதி இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. இந்த நாலு மாதத்தில்தான், காலையில் உறையை மாட்டிக்கொண்டு உட்காருகிறபோது, தனக்கென்று ஒரு ஸ்டூல் இந்த ஊரில் இருக்கிறது என்று தோன்றியிருந்தது. அழுத்து. ஒரு அழுத்து. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். விரலுக்கு அடியில் தகடு எதிர்ப்பே காட்டாமல் கிடந்தது, தூங்குகிற பாப்பாவின் மூக்குத் தண்டு மாதிரி மெத்தென்று, எந்தப் பக்கம் அழுத்தினாலும் அந்தப் பக்கம் போகத் தயாராக. இதற்கு ஒன்றும் தெரியாது. இது விடுமா விடாதா என்று இன்னும் ஒருத்தரும் கேட்கவேயில்லை. பதினோரு மாதம் மேடம் தேடினதே இதுதானோ என்னவோ, இந்த ஆறுக்குள் இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம், ஆனால் அதைச் சொல்ல வேண்டியது இந்தத் தகடு, அவளுடைய விரல் இல்லை. கண்ணைத் திறந்தாள். விரலைத் தூக்கினாள். ஐந்தாவதை வளைந்தபடியே தட்டில் வைத்தாள். ஆறாவதைத் துடைத்தாள், அதையும் வைத்தாள்.

வெளியே கார் கதவு சாத்துகிற சத்தம். செருப்புச் சத்தம் நீள நடையைக் கடந்து உள்ளே போனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நஞ்சப்பண்ணன் இரண்டு கையையும் முன்னால் கட்டிக்கொண்டு எழுந்து நிற்பது தெரிந்தது. தட்டை மட்டும் வைத்துவிட்டு வந்துவிடலாமா, அவர்களே பார்த்துப் புரிந்துகொள்ளட்டும் என்று தோன்றியது. வேண்டாம், அது மறுபடியும் தலையசைப்புதான். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள், அண்ணன்தான் நிமிர்த்தியிருப்பார் என்றுகூட எடுத்துக்கொள்வார்கள். வாயால்தான் சொல்ல வேண்டும். முதலில் மேடம் என்று கூப்பிட வேண்டும். அது வரும், தினமும் சொல்கிற சொல். அடுத்தது நான். அதுதான் வராது. அதனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். மேடம், நஞ்சப்பண்ணன் தூங்கலீங்க. ஆமாம், அதை முதலில் சொல்லிவிட்டால் பிறகு நின்றுவிட முடியாது, எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், கேட்டால் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும். மேடம், அண்ணன் தூங்கலீங்க, உலை நல்லாத்தான் நின்னுதுங்க, அந்தப் பதினெட்டும் இந்த ஆறு மாதிரியே வளைஞ்சுதான் வந்துச்சுங்க, அதை நிமித்துனது, "மயிலு, தட்டை எடுத்துட்டு உள்ள வா, எல்லாரும் நிக்கறாங்க" என்று ஜெசிந்தா அக்கா கூப்பிட்டாள், அவள் உறையைக் கழற்றாமலே எழுந்தாள், தட்டை இரண்டு கையாலும் குழந்தையை வாங்குகிற மாதிரி தூக்கி, "வர்றனுங்கக்கா" என்றாள், அந்தக் குரல் அந்தப் பெரிய ஷெட்டில் அவள் காதுக்கே கேட்டது, இத்தனை சத்தமாக இங்கே அவள் எதுவும் சொன்னதில்லை, அது அடங்குவதற்குள் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு, மேடம், அதை நிமித்துனது